ன வந்தால் ந: மேடைப் போட்டிகளின் வயது

பருத்திப்பட்டிலும் அதை ஒட்டிய ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லிப் பகுதிகளிலும் பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் போடும் மேடையில் சில உருப்படிகள் மாறுவதில்லை. காலையில் கோலமும் மியூசிக்கல் சேரும். மாலையில் பாட்டுக்குப் பாட்டும் வினாடி வினாவும். பரிசாக எவர்சில்வர் டப்பாவோ ஹாட்பாக்ஸோ. இதை நடத்திக் கொடுப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. பந்தல்காரர், மைக் செட்டுக்காரர் போலவே தொகுப்பாளரும், அவருக்குக் கேள்வி எடுத்துக் கொடுப்பவரும் முன்பணம் வாங்கிக்கொண்டு தேதி குறிக்கிறார்கள். சங்கத்தார் அவர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த டிவி ப்ரோக்ராம் மாதிரி இருக்கணும்." டிவியில் பிறந்ததைத்தான் மேடைக்குக் கொண்டுவருகிறோம் என்று இரு தரப்பும் நம்புகின்றன. சில ஆண்டுகள் மேடை ஏறி, விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை நிற்பதில்லை. விதிகளில் பாதிக்கு மேல் டிவியை விட மூத்தவை. சில வானொலிக்கும் மூத்தவை.

பாட்டுக்குப் பாட்டு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் பலருக்கு அது சன் டிவியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு'. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14 என்பதால், விளையாட்டும் தொண்ணூறுகளில் பிறந்தது என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டில் ஜீ டிவியில் இந்தி 'அந்தாக்ஷரி' வந்ததால், அதைப் பார்த்துச் செய்தது என்று சொல்வோரும் உண்டு. உண்மையில் அப்துல் ஹமீத் அந்த நிகழ்ச்சியை இலங்கை வானொலியிலேயே நடத்திக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் டிவி வருவதற்கு முன்பே, கடலுக்கு இந்தப் பக்கம் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குரலும் விதியும் பழகியவை. டிவி சேர்த்தது வண்ண விளக்கையும் நகைக்கடையின் பெயரையும்தான்.

விளையாட்டின் அடிப்படை அந்தாதி. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். பருத்திப்பட்டிலிருந்து ஆவடி சாலையில் தெற்கே போய்ப் பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்படும் திருமழிசை ஆழ்வார் பாடிய 'நான்முகன் திருவந்தாதி' 96 வெண்பாக்கள் கொண்டது. ஒரு வெண்பாவின் இறுதி அடுத்த வெண்பாவின் முதலாகும். காரைக்கால் அம்மையாரின் 'அற்புதத் திருவந்தாதி'யும் முதலாழ்வார்கள் மூவரின் திருவந்தாதிகளும் இதே கட்டு. இன்னும் பின்னே போனால் பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தும் அந்தாதியாக அமைந்தது. அச்சு இல்லாத காலத்தில் இந்தக் கட்டு வேலை செய்தது: ஓலை மாறிப்போனாலும் பாட்டின் வரிசை மாறாது, நடுவில் ஒரு பாட்டு விழுந்துவிட்டால் ஓதுகிறவருக்கே தட்டும். மறக்காமலிருப்பதற்குச் செய்த ஏற்பாடு, பிறகு யாருக்கு மறக்கிறது என்று பார்க்கும் விளையாட்டாயிற்று. திருமழிசைக்கும் சன் டிவிக்கும் நேர்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்ததைத் தொடங்கும் பழக்கத்தை எந்தத் தயாரிப்பாளரும் இங்கே இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

மேடையில் இந்த விளையாட்டைச் சிக்கலாக்குவது இலக்கணம். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. ண, ழ, ள, ற, ன ஆகியவை மொழிமுதல் ஆகா. பாட்டு முடிவதோ பெரும்பாலும் இவற்றில்தான்: 'ஏன்', 'நான்', 'கண்', 'நாள்' என்று. எழுதியபடி விதியை வைத்தால் மூன்றாவது சுற்றிலேயே ஆட்டம் நின்றுவிடும். அதனால் மேடைகளில் ஒரு சமரசம் உண்டு. ன வந்தால் ந. ண வந்தாலும் ந. ள, ழ வந்தால் ல. ற வந்தால் ர. இந்த ல, ர இரண்டும்கூடப் பழைய இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் நிற்காதவை. வடமொழியும் பிற மொழிகளும் கொடுத்த ராஜாவும் ராத்திரியும் லட்சியமும் இல்லாவிட்டால் திரைப்பாடலாசிரியர்களுக்கும் மேடைத் தொகுப்பாளர்களுக்கும் கஷ்டம்தான். சில தொகுப்பாளர்கள் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, தாங்கள் நிறுத்திய இடத்துச் சொல்லின் முதலெழுத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்டம் வேகமாகப் போகும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பது தொகுப்பாளர் கையில் இருப்பதால், தெரிந்தவர் குழுவுக்கு நல்ல எழுத்து கொடுத்தார் என்ற பேச்சு நிச்சயம் வரும். விதியை முதலிலேயே மைக்கில் இரண்டு முறை வாசித்துவிடுவது, மேடையில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

இலங்கை வானொலி இந்த வரலாற்றில் இவ்வளவு இடம் பிடித்ததற்குக் காரணம் காசு. பரிசுப் போட்டிக்கு விளம்பரதாரர் வேண்டும். அகில இந்திய வானொலி 1967 நவம்பர் வரை விளம்பரம் வாங்கவில்லை. போதாதென்று, 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களையும் ஒதுக்கி வைத்தார். பாட்டும் கிடையாது, பரிசும் கிடையாது. இரண்டையும் கொடுக்கத் தயாராயிருந்தது கொழும்பு. 1952 டிசம்பரில் அமீன் சயானி அங்கே தொடங்கிய 'பினாகா கீத்மாலா' பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாகவே நினைவில் நிற்கிறது. அது தொடங்கும்போது வரிசைப் பட்டியலாக இருக்கவில்லை, போட்டியாக இருந்தது. ஏழு பாட்டுகளை முன்னும் பின்னுமாக ஒலிபரப்புவார்கள். அவை வந்த ஆண்டு வரிசைப்படி அடுக்கி அஞ்சலில் அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு 100 ரூபாய். கடிதங்கள் குவிந்து வாரத்துக்குப் பல்லாயிரமாகி, பிரித்துப் படிக்க ஆளில்லாத நிலை வந்த பிறகுதான், 1954 வாக்கில், போட்டியை விட்டுவிட்டு வரிசைப் பட்டியலாக மாற்றினார்கள். இன்று எஃப்எம்மிலும் டிவியிலும் ஞாயிறு காலைகளில் ஓடும் 'டாப் 10' எல்லாம், திருத்தி முடிக்க முடியாமல் போன ஒரு போட்டியின் மிச்சம் என்று சொன்னால் தவறில்லை.

வினாடி வினாவுக்கு வரலாம். 'க்விஸ்' என்பதற்குத் தமிழில் கிடைத்த இந்தச் சொல் அபூர்வமாக நன்றாக அமைந்தது. நேரத்தையும் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நடுவயதைக் கடந்த பலருக்கு இதன் தொடக்கம் தூர்தர்ஷனில் 1985இல் சித்தார்த்த பாசு நடத்திய 'க்விஸ் டைம்', அல்லது 1992 முதல் ஜீ டிவியில் டெரெக் ஓ'பிரையன் நடத்திய 'போர்ன்விட்டா க்விஸ் கான்டெஸ்ட்'. இரண்டாவது நிகழ்ச்சிக்கு டிவிக்கு வரும்போதே இருபது வயது. 1972இல் பல ஊர்களின் மேடைகளிலும் வானொலியிலும் தொடங்கியது. முதலில் ஹமீத் சயானி, 1975இல் அவர் மறைந்த பின் அவருடைய தம்பி அமீன் சயானி நடத்தினார்கள். அதற்கும் முன்பு, 1967இல், டெரெக்கின் தந்தை நீல் ஓ'பிரையன் கொல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தியதுதான் இந்தியாவின் முதல் பொது வினாடி வினா என்று அந்தத் துறையினர் சொல்வார்கள். சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்ததே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான்.

வெளிநாட்டில் இதன் பிறப்பு இன்னும் முன்னே. அமெரிக்க வானொலியில் 'புரொஃபசர் க்விஸ்' 1936இல் ஓடியது. பிபிசி தன் புதுத் தொலைக்காட்சியில் 1938 மே 31 அன்று 'ஸ்பெல்லிங் பீ' நடத்தியது. தொலைக்காட்சியில் வந்த முதல் விளையாட்டு நிகழ்ச்சியாக அதைக் குறிப்பிடுவார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது அதே ஆண்டு ஜூன் 16. அதாவது இங்கே வானொலிக்கு நாடா வெட்டுவதற்குப் பதினாறு நாள் முன்பே அங்கே டிவியில் எழுத்துக்கூட்டும் போட்டி நடந்து முடிந்திருந்தது.

பரிசுத் தொகை படிப்படியாக ஏறுவதும், வேண்டுமானால் கிடைத்ததோடு இறங்கிக்கொள்ளலாம் என்பதும் மேடையில் அதிகம் கேட்கப்படும் அம்சங்கள். 'கோடீஸ்வரன் மாதிரி' என்றால் அதுதான் பொருள். 1998இல் பிரிட்டனில் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்', 2000 ஜூலையில் அமிதாப் பச்சனின் 'கோன் பனேகா கரோர்பதி', அதைத் தொடர்ந்து சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்', 2012இல் விஜய் டிவியில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று தமிழர் அறிந்த வரிசை. அந்த ஏணி 1940இல் அமெரிக்க வானொலியில் வந்த 'டேக் இட் ஆர் லீவ் இட்' நிகழ்ச்சியிலேயே இருந்தது. ஒரு டாலர், இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொரு கேள்விக்கும் தொகை இரட்டித்துக்கொண்டே போய் 64இல் நிற்கும். எந்தப் படியிலும் எடுத்துக்கொண்டு போகலாம். தொடர்ந்து தவறினால் போச்சு. 1955 ஜூனில் அதையே ஆயிரம் மடங்காக்கி, '64,000 டாலர் கேள்வி' என்று டிவிக்குக் கொண்டுவந்தார்கள்.

பணம் பெருகியதும் வினையும் வந்தது. 1958இல் 'டாட்டோ' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில், முறைக்காகக் காத்திருந்த ஒரு போட்டியாளர், ஆடிக்கொண்டிருந்தவருடைய நோட்டுப் புத்தகம் திரைக்குப் பின்னால் கிடப்பதைப் பார்த்தார். உள்ளே அன்றைய கேள்விகளுக்கான விடைகள் எழுதப்பட்டிருந்தன. அந்த நிகழ்ச்சி நின்றது. மற்றவற்றின் மோசடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, 1960இல் அங்கே சட்டமே திருத்தப்பட்டது. சங்க மேடையில் பரிசு ஹாட்பாக்ஸ்தான் என்றாலும் சந்தேகத்தின் அளவு அதற்கேற்பக் குறைவதில்லை. கேள்வி எடுப்பவர் அந்தந்த நகரில் குடியிருப்பவராக இருந்தால் அவர் வீட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்வதில்லை என்பது பல இடங்களில் எழுதாத விதி. கேள்வித்தாளை உறையில் ஒட்டி, மேடையில் எல்லார் முன்னும் கிழிப்பதும் வழக்கம். அந்த 64,000 டாலர் மேடையிலும் கேள்விகளைக் காவல் காக்க ஒரு வங்கி அதிகாரியை உட்கார வைத்திருந்தார்கள். காவல் இருக்கிறது என்று காட்டுவது வேறு, காவல் இருப்பது வேறு என்று அங்கே பிறகு தெரிந்தது.

அந்த 1955 இங்கேயும் முக்கியமான ஆண்டு. ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அக்டோபரில் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆவடியைப் பற்றிக் கேள்வி எடுப்பவர்கள் முதலாவதைத் தவறாமல் கேட்கிறார்கள்; தங்கள் தொழிலையே தொட்ட இரண்டாவதைக் கேட்பதில்லை. சட்டத்தின் பின்னணி பத்திரிகைப் போட்டிகள். முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்தது; இங்கே 1930களிலேயே எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் பரிசுத் தொகையுடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பத்திரிகை விற்பனையை அது தூக்கிவிட்டது. அறிவுப் போட்டியா சூதாட்டமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. நாடு முழுவதும் இத்தகைய போட்டிகள் நுழைவுக் கட்டணத்தோடு பெரும் வியாபாரமாகிவிட, ஒரு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, உரிமம் பெற்று நடத்தும் போட்டியிலும் 2,000 நுழைவுகளுக்கு மேல் சேரக்கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியது. சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநிலங்களில் சென்னையும் ஒன்று. குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: பெரும்பகுதி திறமையால் வெல்லும் போட்டியை இந்தச் சட்டம் தொடாது, அதிர்ஷ்டத்தால் வெல்வதே சூது.

திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையிலுள்ள இந்தக் கோடு மேடைக்காரருக்குத் தினசரி விவகாரம். தமிழ்நாட்டில் 1979இல் பரிசுத் திட்டங்களுக்குத் தனித் தடைச் சட்டம் வந்தது. பொருள் வாங்கினால் குலுக்கலில் பரிசு என்ற வியாபாரத்தை அது தடுக்கிறது. அகில இந்திய விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று இருப்பதன் காரணம் இதுவே. 2003 தொடக்கத்தில் லாட்டரியும் போயிற்று. அதனால் பாத்திரக்கடை விளம்பரதாரர் "என் கடை பில்லைப் போட்டுக் குலுக்கலாமே" என்று கேட்டால், அனுபவமுள்ள தொகுப்பாளர் பில்லை விட்டுவிட்டு, மேடையில் ஒரு எளிய கேள்வியைக் கேட்டு விடை சொன்னவருக்குப் பரிசு என்று மாற்றிக்கொள்கிறார்.

ஹவுசி இந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அது முழுக்க அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் படையோடு வந்து இந்தியப் படைக் கிளப்புகளில் தங்கிவிட்ட இந்த ஆட்டம், ஆவடி போன்ற பாதுகாப்புத் துறை ஊர்களில் குடியிருப்புகளுக்குள் எளிதாக நுழைந்தது. 90 எண்கள், சீட்டுக்கு 15. பொய்யாக 'ஹவுஸ்' சொன்னால் 'போகி' என்று சீட்டு ரத்து. போகிப் பண்டிகையன்று இதைச் சொல்லிச் சிரிக்காத தொகுப்பாளர் இல்லை. காசு வசூலிக்காமல் பொழுதுபோக்காக மட்டும் ஆடுவது நல்லது.

கவனத்தைச் சிதறடித்துக்கொண்டே கேள்வி கேட்பது, மணியடித்து நேரம் காட்டுவது, கூட்டத்தின் நடுவே ஒருவரை உட்காரவைத்து நாலா பக்கமும் மடக்குவது இவையெல்லாம் டிவியின் கண்டுபிடிப்பாகத் தோன்றும். பூந்தமல்லிக்காரர்கள் அப்படி நினைப்பதுதான் வேடிக்கை. பூவை என்று சுருக்கிச் சொல்லப்பட்ட அந்த ஊர் 19ஆம் நூற்றாண்டில் ஓர் அவதானியைத் தந்தது: அட்டாவதானம் பூவை கலியாணசுந்தர முதலியார். அவதானம் என்றால் ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனத்தை நிறுத்துவது. எட்டு என்றால் அட்டாவதானம், பத்து தசாவதானம், நூறு சதாவதானம். சபை நடுவே அவதானி அமர்ந்திருப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குப் போடுவார். இன்னொருவர் முதுகில் கல்லோ நெல்லோ எறிந்துகொண்டிருப்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பார். கடைசியில் வெண்பாவும் வர வேண்டும், விழுந்த கல் எத்தனை, மணி எத்தனை என்ற கணக்கும் வர வேண்டும். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியதைத் தமிழுலகம் இன்றும் பேசுகிறது. பிரிட்டனில் 1972இல் 'மாஸ்டர்மைண்ட்' வந்தபோது இருட்டில் ஒற்றை நாற்காலி, முகத்தில் மட்டும் விளக்கு என்ற அமைப்பைப் புதுமை என்றார்கள். அதைத் தயாரித்த பில் ரைட், போர்க்கைதியாகத் தான் சந்தித்த விசாரணைகளிலிருந்து அந்த யோசனையை எடுத்தார். அங்கே அது மிரட்டல். அவதான மேடையில் அதே வேலை மரியாதையோடு நடந்தது; கேள்வி கேட்டவர்களும் புலவர்கள், தோற்றாலும் பாட்டு மிஞ்சியது.

அவதானத்திலிருந்து இன்றைய மேடை எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. இங்கு சிலர் அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். வினாடி வினாவில் இரண்டு குழுக்கள் சமமாக நின்றால், இன்னொரு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, தொடக்கத்திலிருந்து எத்தனை முறை மணி அடித்தது என்று கேட்பது. கூட்டமும் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிடுவதால் அடுத்த நிகழ்ச்சியில் மைக்கே தேவைப்படாத அமைதி கிடைக்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த ஆண்டு எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் எப்போதாவதுதான் பயன்படும்.

பஸ்ஸர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலிங் பெல் ஸ்விட்ச், ஆளுக்கொரு வண்ண பல்பு, முதலில் அழுத்தியவரைத் தவிர மற்றவரைப் பூட்டிவிடும் ரிலே. உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒரு பகலில் செய்துவிடுவார். மழைக்காலத்தில் ரிலே சிக்கிக்கொண்டால் கையுயர்த்தும் பழைய முறைதான். பருத்திப்பட்டு ஏரிக் காற்றில் கேள்வித்தாள் பறப்பதால், தாளை அட்டையில் க்ளிப் போட்டுக்கொள்வது அதைவிட முக்கியம்.

கேள்வி எடுப்பவரின் உண்மையான ஆபத்து 'முதல்' என்ற சொல். எது முதல், எப்போது தொடங்கியது என்று கேட்கும் கேள்விகளில் விடை பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பில், தமிழின் முதல் பேசும் படம் எது என்ற கேள்வியிலேயே சண்டை வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று வந்த 'காளிதாஸ்' என்று தாளில் இருந்தது. அதில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள், அதை எப்படித் தமிழ்ப்படம் என்பது என்று ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார். அவர் சொன்ன தகவல் சரி, கேள்வி சரியில்லை. மௌனப் படத்துக்குப் போனால் இன்னும் மோசம்: நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' 1916, 1917, 1918 என்று மூன்று ஆண்டுகளிலும் அச்சில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஆண்டைக் கேட்காமல் இயக்குநரையோ நடிகரையோ கேட்பது தொழில் பழக்கம். 'இந்தியாவின் முதல் டிவி க்விஸ்' என்று கேட்டு 'க்விஸ் டைம்' என்ற விடையை எதிர்பார்ப்பவர், மும்பைத் தூர்தர்ஷனில் எழுபதுகளிலேயே சபீரா மெர்ச்சன்ட் நடத்திய 'வாட்ஸ் த குட் வேர்ட்?' என்ற சொல் விளையாட்டைத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருக்கமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மும்பையிலிருந்து குடிவந்த தாத்தா பாட்டிகள் இப்போது எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள்.

2017 ஜூன் 25 முதல் கமல்ஹாசன் தொகுத்த 'பிக் பாஸ்' தமிழின் வீடு பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கத்தில், ஈவிபி ஃபிலிம் சிட்டியில் போடப்பட்டது. 1999இல் நெதர்லாந்தில் பிறந்த நிகழ்ச்சி அது. அதன் பிறகு இந்தப் பக்கத்து மேடைகளிலும் 'எலிமினேஷன்', 'நாமினேஷன்' என்ற சொற்கள் புகுந்தன. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒவ்வொருவராக வெளியேற்றும் ஆட்டம் அந்த மேடைகளில் காலையிலேயே ஆடி முடிந்திருக்கும். நாற்காலியும் பாட்டும் இருந்தால் போதும், பாட்டு நிற்கும்போது உட்கார நாற்காலி பிடிக்காத பிள்ளை வெளியே. கேட்பவர்களுக்காகத் தொகுப்பாளர்கள் அதற்கும் இப்போது 'பிக் பாஸ் சுற்று' என்று பெயர் வைத்து அறிவிக்கிறார்கள். நாற்காலிகளை மட்டும் பந்தல்காரரிடம் ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், ஏதாவது ஒன்றின் கால் உடைந்தே இருக்கும் என்பதால்.